தலையா, முடியா

சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமை மதியம் தமிழ் டப்பிங்கில் பார்த்த குங்ஃபூ படங்கள்தான் எனக்குச் சீனா. அந்தப் படங்களில் வரும் ஆண்களுக்கு முன்தலை பளபளவென்று சிரைத்திருக்கும், பின்னால் இடுப்புவரை ஒரு பின்னல் தொங்கும். சண்டைக்கு முன்னால் அதைச் சுழற்றிக் கழுத்தில் போட்டுக்கொள்வார்கள். எவ்வளவு பழமையான மரபு என்று வியந்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்து பல வருடம் கழித்து, வரலாற்றாசிரியர் பிலிப் கூனின் 'சோல்ஸ்டீலர்ஸ்' புத்தகத்தைப் படித்தபோதுதான் அந்த எண்ணம் உடைந்தது. சீனா முழுவதும் அந்தப் பின்னலின் ஆயுள் மொத்தமே 267 வருடம். அது தொடங்கியது ஓர் அரசாணையில்.

அதற்கு முன்னால் எப்படி இருந்தார்கள்? சியான் நகருக்குப் பக்கத்தில் 1974இல் மண்ணிலிருந்து வெளிவந்த சுடுமண் வீரர்களைப் பாருங்கள். பலருக்குத் தலையில் கொண்டை, அதுவும் ஒருபக்கமாகச் சாய்த்துக் கட்டியது. சீனாவின் பெரும்பான்மையான ஹான் இன ஆண்களுக்குப் பிற்காலத்திலும் இதுதான் வழக்கம்: முடியை வளர்த்து உச்சியில் முடிந்துகொள்வது. மேட்டுக்குடிப் பையனுக்கு இருபது வயதை ஒட்டி ஒரு சடங்கு நடக்கும். கொண்டை கட்டித் தொப்பி அணிவித்தால் அவன் பெரியவன். இதற்குப் பின்னால் கன்பூசிய அறநூல் ஒன்று சொல்லும் காரணம் உண்டு. உடம்பும் முடியும் தோலும் பெற்றோர் தந்தவை, அவற்றுக்குச் சேதம் வராமல் காப்பதில்தான் பெற்றோர்மீதான பக்தி தொடங்குகிறது என்கிறது அது.

இன்னொரு பக்கமும் உண்டு. சின், ஹான் அரசுகளின் சட்டத்தில் தலைமுடியை மழிப்பது குற்றவாளிக்குத் தரும் தண்டனைகளில் ஒன்று. தளபதி சாவ் சாவ் பற்றி ஒரு கதை சொல்வார்கள். பயிரை மிதிப்பவனுக்கு மரணம் என்று அவரே உத்தரவு போட்டிருந்தபோது, அவருடைய குதிரையே கோதுமை வயலில் இறங்கிவிட்டது. தலைக்குப் பதிலாகத் தன் முடியை வெட்டிப்போட்டாராம். தப்பித்துவிட்டார் என்று நமக்குத் தோன்றும். ஆனால் அக்கதையைக் கேட்ட காலத்தவர்களுக்கு அது பாதித் தலை போன மாதிரிதான்.

இந்த மனிதர்களிடம்தான் 1645இல் சவரக்கத்தி வந்தது.

வடகிழக்கிலிருந்து வந்த மஞ்சுக்கள் 1644இல் பெய்ஜிங்கைப் பிடித்தார்கள். முன்தலையை மழித்து, பின்னால் மட்டும் கொஞ்சம் முடி விட்டுப் பின்னிக்கொள்வது அவர்கள் வழக்கம். குழந்தை அரசருக்காக ஆட்சி செய்த டோர்கோன், மக்களும் அப்படியே மழிக்க வேண்டும் என்று உத்தரவிட்டார். எதிர்ப்பைப் பார்த்ததும் பின்வாங்கினார். அடுத்த வருடம் தெற்கே நான்ஜிங்கும் விழுந்ததும் தைரியம் வந்துவிட்டது. ஆணை வந்து சேர்ந்த பத்து நாளைக்குள் ஒவ்வொரு ஆணும் மழிக்க வேண்டும், மறுத்தால் மரணம். தலை வேண்டுமா முடி வேண்டுமா, ஏதாவது ஒன்றுதான் மிஞ்சும் என்று ஊரெல்லாம் பேச்சு.

ஒரு விஷயத்தைக் கூன் கவனமாகப் பிரித்துக் காட்டுகிறார். ஹான் மக்களை அதிகம் புண்படுத்தியது பின்னல் அல்ல, மழித்த முன்நெற்றி. பின்னலைத் தொப்பிக்குள் சுருட்டி மறைக்கலாம். நெற்றியை எங்கே கொண்டுபோய் வைப்பது? காலையில் கண்ணாடியைப் பார்க்கும்போது தெரிவது அதுதான். (முப்பத்தைந்து வயதில் என் முன்நெற்றி தானாகவே சிங் வம்சத்துக்கு விசுவாசம் காட்டத் தொடங்கிவிட்டது. ஆகவே இந்தப் பகுதியைக் கொஞ்சம் சொந்த அக்கறையோடுதான் படித்தேன்.)

யாங்சி ஆற்றங்கரையில் இருக்கும் ஜியாங்யின் மிங் அரசு விழுந்ததைச் சகித்துக்கொண்ட ஊர். புது அரசின் அதிகாரி வந்து பொறுப்பேற்றபோதும் பெரிதாகச் சண்டை போடவில்லை. யார் ராஜா ஆனால் என்ன, வரி கட்டப்போகிறோம், அவ்வளவுதானே? ஆனால் மழிக்கும் ஆணை வந்ததும் ஊர் எழுந்தது. தலைமை தாங்கிய யான் யிங்யுவான் பெரிய தளபதி இல்லை. கீழ்மட்டத்தில் வேலை பார்த்த ஒரு முன்னாள் அதிகாரி. 81 நாள் கோட்டைக் கதவை மூடிவைத்துக்கொண்டு தாக்குப்பிடித்தார்கள். கடைசியில் மதில் உடைந்தது, பிறகு படுகொலை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது என்று நாம் சொல்வோம். ஜியாங்யினில் முடிக்கு வந்தது தலையோடு போனது.

அதே கோடையில் ஜியாடிங் என்ற ஊரில் மூன்றுமுறை படுகொலை நடந்தது. அங்கே படையை நடத்திய லீ செங்டோங் மஞ்சு அல்ல, ஹான். நேற்றுவரை மிங் படையில் அதிகாரியாக இருந்து கட்சி மாறியவர். 1648இல் திரும்பவும் மிங் பக்கமே தாவினார். முடிக்காகச் செத்தவர்களின் பெயர்கள் பெரும்பாலும் மிஞ்சவில்லை, இவர் பெயர் மிஞ்சியிருக்கிறது.

தப்பிக்கச் சில சந்துகள் இருந்தன. தாவோ பூசாரிகள் கொண்டையை வைத்துக்கொள்ளலாம். பௌத்தத் துறவிகள் முழுத்தலையையும் மழிப்பவர்கள், அவர்களுக்கும் விலக்கு. எனவே சிலர் துறவியானார்கள். மிங் அரச குடும்பத்தில் பிறந்த ஓவியர் பாதா ஷான்ரென் அப்படி மடத்துக்குப் போனவர். பாதித் தலையை அரசனுக்காக மழிப்பதைவிட முழுத்தலையையும் புத்தருக்குக் கொடுத்துவிடலாம் என்று அவர் நினைத்தாரோ என்று எனக்குத் தோன்றும். அது என் ஊகம்.

எங்கள் துறையில் இது அடிக்கடி நடக்கும். யாரோ ஒருவர் ஓர் இரவில் மேலதிகாரி மிரட்டலுக்குப் பயந்து கோடில் ஒரு வரியைச் செருகியிருப்பார். பத்து வருடம் கழித்து, ஏன் என்று தெரியாமலேயே அதைத் தொடாதே என்று புதுப்பையன்களுக்குச் சொல்லிக்கொண்டிருப்போம். பின்னலுக்கும் அப்படித்தான் ஆனது. சில தலைமுறைகளுக்குள் அது வெறும் முடியாக இல்லை. 1768இல் கீழ்யாங்சிப் பகுதியில் ஒரு வதந்தி கிளம்பியது: மந்திரவாதிகள் திரிகிறார்கள், ஆண்களின் பின்னல் நுனியை வெட்டி அதன் வழியாக உயிரைத் திருடுகிறார்கள் என்று. எந்தப் பின்னலை எதிர்த்து மூதாதையர் செத்தார்களோ, அதே பின்னலுக்குள் கொள்ளுப்பேரன்களின் உயிர் குடிபோயிருந்தது!

பேரரசர் சியான்லோங்குக்கு வேறு பயம். பின்னலை வெட்டுகிறவன் அரசுக்கு எதிரி ஆயிற்றே. ஆனால் அதை வெளிப்படையாக எழுதவும் தயக்கம். எழுதினால் பழைய புண்ணை அவரே கிளறியதாகும். 'மந்திரவாதியைப் பிடி' என்று மாகாண அதிகாரிகளை விரட்டினார். அவர்கள் பிச்சைக்காரர்களையும் ஊர்சுற்றும் துறவிகளையும் பிடித்துக் கால் எலும்பை நெரித்து வாக்குமூலம் வாங்கினார்கள். பெய்ஜிங்குக்குக் கொண்டுபோய் மறுபடி விசாரித்தபோது ஒவ்வொருவராக, அடி தாங்காமல் சொன்னேன் என்றார்கள். வருடக் கடைசியில் வழக்கு மூடப்பட்டது. ஒரு மந்திரவாதியும் கிடைக்கவில்லை. அதற்குள் சிலர் சிறையிலேயே செத்திருந்தார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் தைப்பிங் கிளர்ச்சிக்காரர்கள் நெற்றியை மழிக்காமல் முடியை வளர்த்தார்கள். மக்கள் வைத்த பெயர் நீள்முடிக்காரர்கள். 1853இல் நான்ஜிங்கைப் பிடித்து 1864வரை வைத்திருந்தார்கள். இரண்டு படைகளுக்கும் நடுவில் இருந்த கிராமத்து விவசாயியை நினைத்துப் பாருங்கள். இவர்கள் வரும்போது மழித்த நெற்றி துரோகம், அவர்கள் வரும்போது வளர்ந்த முடி துரோகம். முடி ஒரு வாரத்தில் வளர்ந்துவிடுமா என்ன?

கடல் கடந்து போனவர்களையும் பின்னல் விடவில்லை. சான்ஃபிரான்சிஸ்கோவில் 1876இல் ஒரு சட்டம் போட்டார்கள்: சிறைக்கு வரும் ஆண்களின் முடியை ஓர் அங்குலத்துக்கு வெட்டிவிட வேண்டும். குறி யார்மீது என்று எல்லோருக்கும் தெரியும். ஹோ ஆ கோவ் என்பவர் வழக்குப் போட்டு 1879இல் ஜெயித்தார்.

1902இல் ஜப்பானுக்குப் படிக்கப் போன லூ சுன் அடுத்த வருடம் பின்னலை வெட்டினார். 1909இல் ஊர் திரும்பும்போது சிக்கல். சிங் அரசு இன்னும் இருக்கிறதே! ஷாங்காயில் பொய்ப்பின்னல் செய்து விற்க ஓர் ஆள் இருந்தார். விலை நான்கு வெள்ளி, பேரம் கிடையாது. வாங்கி மாட்டிக்கொண்டார். தெருவில் கழன்று விழுந்துவிடுமோ, யாராவது இழுத்துவிடுவார்களோ என்ற பயத்திலேயே ஒரு மாதம் கழிந்தது. பிறகு தூக்கிப் போட்டுவிட்டு வெறுந்தலையோடு நடந்தார். தெருவில் கிடைத்த வசவுகளில் லேசானது எது தெரியுமா? அடுத்தவன் பெண்டாட்டியோடு மாட்டிக்கொண்டவன் என்பது. அப்படிப் பிடிபட்டவனுக்கு முதலில் பின்னலைத்தான் அறுப்பார்களாம். பின்னாளில், புரட்சியைப் புகழச் சொன்னால் பின்னல் போனதைத்தான் முதலில் சொல்வேன் என்று எழுதினார். மேடைத்தனமே இல்லாத அந்தக் காரணத்தை நான் முழுதாக நம்புகிறேன்.

1912 மார்ச்சில் புதுக் குடியரசு ஆணை போட்டது: இருபது நாளைக்குள் பின்னலை வெட்டு. பல ஊர்களில் நகர வாசலில் சிப்பாய்கள் கத்தரியோடு நின்றார்கள். சந்தைக்கு வந்த கிழவர்கள் மண்டியிட்டு அழுதார்கள். வெட்டிய பின்னலைத் துணியில் சுற்றி, தன்னோடு சவப்பெட்டியில் வைக்கச் சொன்னவர்களும் உண்டு. பெற்றோர் தந்த உடம்பு முழுசாகப் போய்ச்சேர வேண்டுமே! 1645இல் ஜியாங்யினில் மதில்மேல் நின்றவர்களிடம் இருந்ததும் இதே காரணம்தான்.

பழைய சிங் விசுவாசியான தளபதி ஜாங் சுன் தன் பின்னலை வெட்டவில்லை, படையையும் வெட்டவிடவில்லை. 1917 ஜூலையில் பெய்ஜிங்குக்குள் நுழைந்து, பதினோரு வயது பூயியை மறுபடி சிம்மாசனத்தில் உட்கார வைத்தார். நகரமே திகைத்தது. வெட்டியவர்கள் எல்லாம் நாடகக்காரர்களுக்கு உடை செய்யும் கடைகளுக்கு ஓடி, குதிரைவால் மயிரில் பின்னல் செய்துதரச் சொன்னார்கள். அந்த ஆட்சி பன்னிரண்டு நாள் நடந்தது. குடியரசுப் படை உள்ளே வந்ததும் ஜாங் சுன்னின் சிப்பாய்கள் அவசரமாகத் தங்கள் பின்னலை அறுத்துவிட்டு ஓடினார்கள். போன வாரம் பொய்ப்பின்னல் கிடைக்காத தெருக்களில் இந்த வாரம் உண்மைப் பின்னல்கள் கிடந்தன, எடுப்பாரில்லாமல்.