மதராசுக்கு வராத விமானம்

1990 ஆகஸ்ட் 2. மதராஸ் வழியாகக் கோலாலம்பூர் போக லண்டனில் கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் 149, வழியில் குவைத்தில் இறங்கியபோது ஈராக்கின் சதாம் படை எல்லையைத் தாண்டியிருந்தது. மீனம்பாக்கத்துக்கு அந்த விமானம் வரவேயில்லை. பயணிகள் பட்ட பாடு தனிக்கதை. விமானத்துக்கான கணக்கு 2003 வரை இழுத்தது. இழுபறி, காப்பீடு தந்தவர்களுக்கும் அவர்களுக்கே காப்பீடு தந்த மறுகாப்பீட்டாளர்களுக்கும் இடையில்.

மறுகாப்பீட்டு ஒப்பந்தம் சொல்வது இதுதான்: "ஒரு நிகழ்வில் முதல் பத்துக் கோடி நஷ்டம் உன்னுடையது, அதற்கு மேல் நான் தருகிறேன்." எட்டுக் கோடி வீதம் மூன்று நஷ்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றும் ஒரே நிகழ்வானால் பதினான்கு கோடி கைக்கு வரும். தனித்தனி என்றால் சல்லிக்காசு கிடையாது. ஆனால் உச்சவரம்பும் ஒரு நிகழ்வுக்கு இவ்வளவு என்றே இருக்கும். அது குறுக்கிட்டால் இரு தரப்பும் வாதத்தை மாற்றிக்கொள்ளும்!

இந்தச் சண்டைக்கு மூத்த கதை ஒன்று உண்டு. 1970 செப்டம்பரில் பாலஸ்தீன விடுதலைக்கான மக்கள் முன்னணி, ஜோர்தான் பாலைவனத்து டாசன்ஸ் ஃபீல்டுக்கு மூன்று விமானங்களைக் கடத்திவந்தது. இரண்டு வந்தது 6ஆம் தேதி. பம்பாயிலிருந்து கிளம்பிய பி.ஓ.ஏ.சி. விமானம் 9ஆம் தேதி. 12ஆம் தேதி மூன்றையும் வெடிவைத்துத் தகர்த்தார்கள். 1972இல் நடுவர் மைக்கேல் கெர் தீர்ப்புச் சொன்னார்: கடத்தல்கள் தனித்தனிதான், ஆனால் ஒரே முடிவின்படி, ஒரே இடத்தில், சில நிமிடங்களுக்குள் அழிந்ததால் அழிவு ஒரே நிகழ்வு.

குவைத்துக்கும் இதே அளவுகோலை எடுத்தவர் நீதிபதி ரிக்ஸ். ஈராக் படையிடம் குவைத் ஏர்வேஸின் 15 விமானங்களும் பறிபோனது ஒரே நிகழ்வு என்றார், 1996இல். அங்கே 'ஒன்றே' என்று வாதாடியது காப்பீட்டு நிறுவனம். பாலிசியில்தான் உச்சவரம்பு இருந்ததே!

அப்படியானால் அதே விமான நிலையத்தில் நின்ற பிரிட்டிஷ் விமானம்? அதையும் அந்தப் பதினைந்தோடு சேர்க்கலாமா? 2003இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தீர்ப்பு எழுதியவரும் ரிக்ஸ்தான். சேர்க்க முடியாது என்றார். குவைத் விமானங்கள் ஈராக் கொள்ளையடிக்க வந்த சொத்து. விமான நிலையம் வீழ்ந்தபோதே போய்விட்டன. பிரிட்டிஷ் விமானம் திரும்பாது என்று அன்றைக்கே சொல்லிவிட முடியாது. அது ஆறு மாதம் அங்கேயே நின்று, 1991 பிப்ரவரியில், போரில் அழிந்தது.