கஞ்சித் தொட்டியிலிருந்து கேக் வரை

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

படப்பையிலிருந்து வாலாஜாபாத் சாலையில் நேரே போனால் பழையசீவரம் வரும். அதற்கு எதிர்க்கரையில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடத்தில் திருமுக்கூடல். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை நான் அங்கே அழைத்துப் போயிருக்கிறேன், சிலருக்கு நினைவிருக்கும். அந்தப் பெருமாள் கோயில் சுவரில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. 11-ஆம் நூற்றாண்டு. 15 படுக்கைகள் கொண்ட ஓர் ஆதுலர் சாலைக்கு ஆன ஏற்பாடுகளை அது சொல்கிறது. வைத்தியர், அறுவை செய்பவர், மூலிகை கொண்டுவர ஆட்கள், நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள் என்று எல்லாருக்கும் கூலி எழுதியிருக்கிறார்கள். நோயாளிக்கு அரிசி உண்டு. கூடவே, இரவு முழுக்க எரியும் ஒரு விளக்குக்கும் செலவு எழுதியிருக்கிறார்கள். அருகே தங்கிப் படித்த மாணவர்களுக்குச் சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு எண்ணெயும் உண்டு.

இது மருத்துவமனைதான், முதியோர் இல்லம் அல்ல. அன்று முதியோர் இல்லம் என்ற பேச்சே கிடையாது. ஆனாலும் அந்த விளக்கு என் மனதில் நிற்கிறது. அரிசி வயிற்றுக்கு. விளக்கு, தூக்கம் வராமல் கிடக்கிறவனுக்கு. அதற்கும் ஒரு கணக்கு வேண்டும் என்று எவரோ யோசித்திருக்கிறார்.

அங்கிருந்து 700 ஆண்டுகள் தாண்டி சென்னைக்கு வருவோம். 1780-இல் ஹைதர் அலியின் படை கர்நாடகப் பகுதிக்குள் புகுந்தது. போர், அதன் பின்னால் பஞ்சம். நம் காஞ்சிபுரம், செங்கல்பட்டுச் சீமைகளில் ஊர்கள் காலியாயின. பிழைக்க வழியில்லாமல் சென்னைக்கு ஓடிவந்தவர்களுக்காக 1782-இல் வடசென்னையில் கஞ்சி ஊற்றும் சத்திரம் ஒன்று தொடங்கியது. மணியக்காரர் சத்திரம். வெள்ளைக்காரர் வாயில் அது ‘மோனிகர் சௌல்ட்ரி’ ஆயிற்று. 1799-இல் ஜான் அண்டர்வுட் என்ற மருத்துவர் அங்கே நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கினார். அந்த வேரிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய ஸ்டான்லி மருத்துவமனை. வடசென்னையில் பழைய ஆட்கள் அதை இன்றும் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்றுதான் சொல்வார்கள். ஏன் அந்தப் பெயர் என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆஸ்பத்திரி வளர்ந்து தனியே போயிற்று. சத்திரம் ஆதரவற்ற முதியவர்களின் இடமாக நிலைத்தது. பஞ்சத்துக்குப் போட்ட அடுப்பு, பஞ்சம் போன பிறகும் அணையவில்லை. அதில் ஒரு பெருமையும் உண்டு, ஒரு சிக்கலும் உண்டு. பசித்து வந்தவனை வரிசையில் நிறுத்திக் கஞ்சி ஊற்றும் வழக்கம், பசி தீர்ந்து அங்கேயே 20 வருடம் வாழப்போகிறவருக்கும் அப்படியே தொடர்ந்தது. பொதுவாகவே தர்ம சாலைகளின் கதை இதுதான். சாப்பாட்டு மணி அடிக்கும். இரண்டு மணிகளுக்கு நடுவில் என்ன செய்வது என்பதை எவரும் கேட்பதில்லை.

அதைக் கேட்ட ஓர் அம்மையார் இங்கிலாந்தில் இருந்தார். அங்கே ஏழை முதியவர்களைப் ‘பணி இல்லங்களில்’ அடைத்து வைப்பார்கள். உடம்பு முடிந்தவரை வேலை, முடியாதபோது கட்டிலில் சும்மா கிடக்க வேண்டும். 1880-களின் தொடக்கத்தில் பிரபாசன் சீமாட்டி ஒரு திட்டம் கொண்டுவந்தார். வேலை செய்ய இயலாத முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் கம்பளி நூல், ஊசி, துணி எல்லாம் தன் செலவில் கொடுத்து, கற்றுக்கொடுக்கப் பெண்களையும் அனுப்பினார். செய்த பொருளை விற்ற காசில் அடுத்த நூல் வாங்குவார்கள். நிர்வாகிகள் முதலில் தயங்கினார்களாம், கிழவர்களுக்கு எதற்கு நூல் என்று. பிறகு பல ஊர்களுக்கும் பரவியது.

அடுத்து அமெரிக்கா, 1976. எலன் லேங்கர், ஜூடித் ரோடின் என்ற இரு உளவியலாளர்கள் கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் எளிய சோதனை ஒன்று செய்தார்கள். ஒரு மாடியில் இருப்பவர்களிடம், “இந்தச் செடிகளில் ஒன்றை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள், தண்ணீர் ஊற்றுவது உங்கள் பொறுப்பு. எந்த ராத்திரி சினிமா பார்ப்பது என்பதையும் நீங்களே முடிவு செய்யுங்கள்” என்கிற மாதிரி சொன்னார்கள். இன்னொரு மாடியிலும் அதே செடி, அதே சினிமா. ஆனால் செடியை நர்ஸ் பார்த்துக்கொள்வார், சினிமா நாளை நிர்வாகம் சொல்லும். சில வாரங்களிலேயே முதல் மாடிக்காரர்கள் அதிகச் சுறுசுறுப்பாகவும் மலர்ச்சியாகவும் இருந்தார்கள். ஒன்றரை வருடம் கழித்துப் பார்த்தபோதும் வித்தியாசம் இருந்தது. சிறிய சோதனைதான், அதன் எண்களைப் பற்றிப் பின்னால் விவாதமும் உண்டு. எனக்கு அதில் பிடித்தது, இரண்டு மாடிக்கும் செலவு ஒன்றுதான் என்பது.

1991-இல் பில் தாமஸ் என்ற மருத்துவர் நியூயார்க் மாநிலத்தில் ஓர் இல்லத்துக்குள் 2 நாய், 4 பூனை, 100 கிளிகளைக் கொண்டுவந்து விட்டார். அந்தக் கூத்தைத் தனியாக இன்னொரு நாள் எழுதுகிறேன்.

நம் ஊருக்கு வருவோம். 1978-இல் சாவித்திரி வைத்தி அம்மையார் சென்னையில் ‘விஸ்ராந்தி’யை ஆதரவற்ற மூத்த பெண்களுக்காகத் தொடங்கினார். ஹெல்ப்பேஜ் இந்தியா தொடங்கியதும் அதே ஆண்டுதான். 2007-இல் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் வந்தது. பிள்ளைகளிடம் ஜீவனாம்சம் கேட்கலாம் என்ற பகுதி எல்லாருக்கும் தெரியும். 19-ஆம் பிரிவை யாரும் படிப்பதில்லை. மாவட்டத்துக்கு ஒன்றாவது, குறைந்தது 150 பேர் தங்கும் அளவில் முதியோர் இல்லம் அமைக்க வேண்டும் என்பது அதில்தான் வருகிறது. அந்த இல்லங்களை நடத்தும் திட்டத்தை அரசு வகுக்கும்போது மருத்துவத்தோடு பொழுதுபோக்குக்கான வசதியையும் சேர்க்க வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. பொழுதுபோக்கைச் சட்டத்தில் எழுதியது சின்ன விஷயம் இல்லை. திருமுக்கூடல் விளக்கின் தொடர்ச்சி என்றே நான் வைத்துக்கொள்கிறேன்.

தமிழ்நாடு அரசின் ‘ஒருங்கிணைந்த வளாகம்’ திட்டமும் சொல்லத்தக்கது. 25 முதியவர்கள், 25 ஆதரவற்ற குழந்தைகள், ஒரே வளாகத்தில். நெதர்லாந்தில் தெவெந்தர் நகரத்து இல்லம் ஒன்று கல்லூரி மாணவர்களுக்கு இலவச அறை கொடுத்து, மாதம் 30 மணி நேரம் முதியவர்களுக்கு நல்ல அண்டை வீட்டாராக இருக்கச் சொன்னது. அதை உலகமே கொண்டாடியது. நம்முடையதும் அதே எண்ணம்தான், நாம்தான் பேசுவதில்லை.

இப்போது படப்பை. இருங்காட்டுக்கோட்டைக்கு 1990-களில் கார் கம்பெனி வந்தது, 2010-இல் ஒரகடத்துக்கு வந்தது. வயல் போயிற்று, பணம் வந்தது, பிள்ளைகள் வேறு ஊருக்குப் போனார்கள். பக்கத்திலேயே முதியோர் இல்லங்களும் வந்தன. நான் மாதம் இரண்டு முறை ஓர் இல்லத்துக்குப் போகிறேன், பெயர் வேண்டாம். நல்ல மனிதர்கள் நடத்துகிறார்கள். அங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமையில் மூன்று பிறந்தநாள் பார்த்தேன். மூன்று கேக், மூன்று முறை கை தட்டு, மூன்று குழு போட்டோ. பிரியாணி மிச்சமாகி ராத்திரிக்கும் அதுவே. திங்கள் முதல் வெள்ளி வரை கேட்டைத் தள்ளிக்கொண்டு ஒருவரும் வருவதில்லை. கை தட்டிய ஒரு பாட்டியிடம், “உங்க பிறந்தநாள் எப்பம்மா?” என்று கேட்டேன். “யாருக்குத் தெரியும்? ஏரி உடைஞ்ச வருசம்னு எங்கம்மா சொல்லும்” என்றார்.

கேக் கொண்டு வருகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்களில் பாதி நம் பிள்ளைகள். அந்த இல்லங்கள் நடப்பதே அவர்கள் கொடுப்பதால்தான். ஆனால் அந்த நிகழ்ச்சியில் முதியவர்கள் செய்ய வேண்டியது என்ன? உட்கார வேண்டும், தட்ட வேண்டும். கஞ்சி வரிசைக்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை.

அதே இல்லத்தில் மணிமங்கலம் ஏரிப் பாசனத்தில் மடை பார்த்த ஒரு பெரியவர் இருக்கிறார். மணிமங்கலம் என்றால் நரசிம்மவர்மனும் புலிகேசியும் மோதிய இடம் என்று நான் வகுப்பில் நடத்தியதோடு சரி. அவரிடம் எந்த மடை எந்த வயலுக்கு, யாருக்கு எத்தனை நாழிகைத் தண்ணீர், சண்டை வந்தால் யார் தீர்ப்பது என்று கேட்டதும் இரண்டு மணி நேரம் பேசினார். கூட வந்த என் பழைய மாணவன், ஒரகடத்தில் ஷிப்டு இன்சார்ஜ், போனில் பதிவு செய்துகொண்டான். அடுத்த முறை நாங்கள் போனபோது பெரியவர் சட்டை மாற்றிக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். தரையில் சுண்ணக்கட்டியால் ஏரியை வரைந்து வைத்திருந்தார். அதில் இரண்டு மடை விட்டுப்போயிற்று என்று பக்கத்து அறைக்காரர் சண்டைக்கு வந்தார்!

எனவே, வரப்போகிறவர்கள் வார நாளில் வாருங்கள், இரவு ஷிப்டுக்காரர்களுக்கு இது வசதிதான். மாலை 4 மணி நல்ல நேரம். போகுமுன் இல்லத்துக்குப் போன் செய்து, என்ன சாப்பாடு என்பதை அங்கே இருப்பவர்களையே முடிவு செய்யச் சொல்லுங்கள், போன தடவை அவர்கள் கேட்டது கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும். பல்லாங்குழிக்குப் புளியங்கொட்டை போதும். ஆடுபுலி ஆட்டத்தில் எனக்கு எதிராக ஆட ஆள் இருக்கிறது, இதுவரை ஏழு முறை தோற்றிருக்கிறேன். தொட்டிச் செடி கொண்டுவந்தால் தண்ணீர் ஊற்றும் பொறுப்பையும் அவர்களிடமே விட்டுவிடுங்கள். அந்தப் பாட்டிக்கு ஏரி உடைந்த வருடம் எது என்று தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். மணிமங்கலம், சாலமங்கலம், ஆதனூர்ப் பக்கத்துப் பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள்.