பூனைமீசையும் நீர்மூழ்கிக் கப்பலும்

இலங்கை வானொலியின் பிறப்பில் பொழுதுபோக்காளர்களின் விளையாட்டுத்தனம் கலந்திருந்தது. தந்தி அலுவலகத்தின் தலைமைப் பொறியாளர் எட்வர்ட் ஹார்ப்பரும் அவருடைய குழுவினரும், கைப்பற்றப்பட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலின் கருவிகளைக் கொண்டு ஒலிபரப்பி ஒன்றை அமைத்து, 1923இல் கொழும்புத் தந்தி அலுவலக அறையொன்றிலிருந்து கிராமபோன் இசையைச் சோதனையாக ஒலிபரப்பினர். போருக்கெனச் செய்த பொறி பாட்டுப் பாடியது வேடிக்கைதான். 1925இல் முறையான ஒலிபரப்பு தொடங்கியது.

அக்கால ஆர்வலரின் படிகப்பெட்டியில் ‘பூனைமீசை’ எனப்பட்ட மெல்லிய கம்பி இருந்தது. கலீனா என்னும் ஈயத்தாதுப் படிகத்தை அதனால் குத்திக் குத்தி உணர்திறனுள்ள புள்ளியைத் தேட வேண்டும். மின்கலமே வேண்டாத இக்கருவிக்குப் பொறுமை மட்டும் நிறைய வேண்டும். தேடிக் கண்ட புள்ளி, யாரேனும் மேசையை இடித்தால் போய்விடும்.

பேராதனைக்கு, 1944இல் மவுண்ட்பேட்டன் தம் தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தைக் கொண்டுவந்தார். அப்படையினருக்காக இயங்கிய ‘ரேடியோ சீயாக்’ நிலையத்தின் வலிமைமிக்க கருவிகள் 1949இல் ரேடியோ சிலோன் வசமாயின. ஆக, இரண்டாம் முறையும் போர்த்தளவாடமே பாட்டுக்கு வழிவிட்டது.