சுரண்டல் லாட்டரிச் சீட்டு சேகரிப்பு

பழைய லாட்டரிச் சீட்டுகளை, குறிப்பாகச் சுரண்டல் சீட்டுகளை, தேடித் திரட்டிப் பாதுகாக்கும் பொழுதுபோக்கு. பரிசு விழுந்த சீட்டை ஒப்படைத்தால்தான் பணம் கிடைக்கும். அதனால் சேகரிப்பாளர் கைக்கு வருபவை பெரும்பாலும் பரிசு விழாத சீட்டுகளே. அன்றைக்கே கிழித்து எறியப்பட்டவை என்பதால் தப்பிப் பிழைத்தவை குறைவு. இவற்றைக் குப்பை என்று ஒதுக்குவது தவறு. ஓர் அரசு எப்படிப் பணம் திரட்டியது, மக்கள் எதற்கு ஆசைப்பட்டார்கள் என்பதற்கு இவை நேரடிச் சான்று.

தமிழ்நாட்டில் அண்ணா ஆட்சியில், 1968இல் அரசுப் பரிசுச் சீட்டு ஒரு ரூபாய் விலையில் தொடங்கியது. ‘விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு’ என்பது அதன் விளம்பர வாசகம். 1975இல் கருணாநிதி அதை நிறுத்தினார், எம்.ஜி.ஆர். ஆட்சியில் மீண்டும் வந்தது. சுரண்டல் சீட்டு 1974இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அறிமுகமானது. தமிழ்நாட்டில் 1990களில் வெளிமாநிலச் சீட்டுகளோடு அதுவும் பரவியது. குலுக்கல் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். கடை வாசலிலேயே காசால் சாம்பல் பூச்சைச் சுரண்டிப் பார்த்துவிடலாம். அந்த வேகமே தினக்கூலிக் குடும்பங்கள் பலவற்றின் வருமானத்தைக் கரைத்தது. 2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு எல்லா லாட்டரிகளையும் தடைசெய்தது.

சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில், பெரம்பலூர் மாவட்டத்தில் உள்ள பாடாலூரில் இன்று சேகரிக்க நினைப்பவருக்குப் பழைய கணக்கு நோட்டுகளும் டிரங்குப் பெட்டிகளுமே தேடுமிடம். சுரண்டல் சீட்டில் குலுக்கல் தேதி இராது. காலத்தைக் கணிப்பதே பெரிய வேலை. இங்கே பின்புறத்து முகவர் முத்திரை கைகொடுக்கும். பெரம்பலூர் மாவட்டம் 1995இல்தான் திருச்சியிலிருந்து பிரிந்தது. ஆகவே பாடாலூர் முகவரியில் ‘திருச்சி மாவட்டம்’ என்றிருந்தால் அதற்கு முந்தையதாகக் கருத இடமுண்டு. பெரம்பலூரிலிருந்து பிரிந்த அரியலூர் முதலில் தனி மாவட்டமாக இருந்தது 2001–02இல் மட்டுமே. மறுபடி பிரிந்தது 2007இல், தடைக்குப் பின். எனவே ‘அரியலூர் மாவட்டம்’ என்ற முத்திரையுள்ள சீட்டு மிக அரிதாகவே இருக்கும். பழைய ரப்பர் முத்திரையையே பல ஆண்டு பயன்படுத்திய கடைகளும் உண்டு. அதனால் விலை, வெளியிட்ட மாநிலம், அச்சகப் பெயர் ஆகியவற்றையும் ஒப்பிட்ட பிறகே ஆண்டைக் குறிக்க வேண்டும்.

சுரண்டாத சீட்டுக்கு மதிப்பு அதிகம். லேமினேஷன் சூட்டில் பூச்சு கெடும், பி.வி.சி. உறையில் ஒட்டிக்கொள்ளும். பாலியெஸ்டர் உறையே ஏற்றது. ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்துத் தாளை அரிக்குமாதலால் அதை முதலில் கழற்றிவிட வேண்டும்.