ஊசிமுனையும் சிலிக்கன் துண்டும்

"சிலிக்கன் டயோடைக் கண்டுபிடித்தவர் நம் ஜெகதீஷ் சந்திர போஸ்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. பாதிதான் உண்மை. ஆனால் முழு உண்மை அதைவிடச் சுவையானது. பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

1890களில் போஸ் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பேராசிரியர். ஹெர்ட்ஸ் கண்ட மின்காந்த அலைகளை அவர் 5 மில்லிமீட்டர் வரை சுருக்கினார். அலை சிறிதானால் கருவியும் சிறிதாகும். ஒரு மேசை மேலேயே ஒளியைப் போல அதைத் திருப்பலாம், வளைக்கலாம்.

ஆனால் அந்த அலை நொடிக்கு 6,000 கோடி முறை முன்னும் பின்னும் ஆடுகிறது. மீட்டர் முள்ளால் அந்த வேகத்துக்கு ஆட முடியாது, அசையாமல் நிற்கும். சைக்கிள் டியூப் வால்வு காற்றை உள்ளே மட்டும் விடுவதுபோல, மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் விடும் ஒன்று இருந்தால்தான் முள் நகரும்.

போஸ் முதலில் இரும்புச் சுருள்கம்பிகளை வைத்து அலையை உணர்ந்தார். பிறகு கலீனா என்ற ஈயத் தாதுவின் மேல் உலோக முனையைத் தொட வைத்தார். இதற்கான அமெரிக்கக் காப்புரிமைக்கு 1901இல் விண்ணப்பித்தார், 1904இல் கிடைத்தது. அதை வைத்துப் பணம் பார்க்க அவர் முனையவில்லை.

சிலிக்கனைக் கொண்டுவந்தவர் அமெரிக்கரான பிக்கார்டு. அவர் காப்புரிமை பெற்றது 1906இல். பிறகு வெற்றிடக் குழாய் வால்வுகள் வந்தன. வானொலிப் பெட்டியிலிருந்து படிகம் மெல்ல ஒதுங்கியது.

கதை இங்கே முடிந்திருக்கும். 1940இல் பிரிட்டனில் ராண்டலும் பூட்டும் கேவிட்டி மேக்னட்ரானை உருவாக்கினார்கள். 10 சென்டிமீட்டர் அலையில் ரேடார் சாத்தியமானது. அந்த அலையை வாங்குவதில் வால்வு திணறியது. உள்ளே எலக்ட்ரான் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்ச் சேர்வதற்குள் அலையே திசை மாறிவிடும். ஊசி–படிகத்தில் அந்தப் பயணமே மிகச் சிறியது. தொடும் இடமும் கடுகை விடச் சிறியது என்பதால் அதன் மின்தேக்குத்திறன் குறைவு. வேகமான அலை பக்கவழியாக நழுவிவிடாது.

தூக்கிப் போட்ட படிகத்தைத் தேடி எடுத்தார்கள். இம்முறை நன்கு சுத்திகரித்த சிலிக்கன், அதன்மேல் டங்ஸ்டன் கம்பி முனை. போர் முடிவதற்குள் 1.25 சென்டிமீட்டர் அலை வரை வந்துவிட்டார்கள். இதே காலத்தில் பெல் ஆய்வகத்தில் ரஸ்ஸல் ஓல், ஒளி பட்டால் மின்னழுத்தம் தரும் ஒரு சிலிக்கன் துண்டைக் கவனித்தார். அதுதான் பி–என் சந்தி. சுத்தமான குறைக்கடத்தி செய்யக் கற்ற அனுபவம் 1947இல் டிரான்சிஸ்டருக்குக் கைகொடுத்தது.

பின்னாளில் டயோடுகள் மில்லிமீட்டர் அலைக்கும் இறங்கின. 1970இல் வில்சன், ஜெஃபர்ட்ஸ், பென்சியாஸ் மூவரும் 2.6 மில்லிமீட்டர் அலையில் விண்வெளியின் கார்பன் மோனாக்சைடைக் கண்டார்கள். இன்று கார்களில் வரும் ரேடாரும் ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் அலையில்தான் வேலை செய்கிறது.

ஆக, சிலிக்கன் போஸுடையது அல்ல. மில்லிமீட்டர் அலையும், படிகத்தால் அலையை உணரலாம் என்ற காப்புரிமையும் அவருடையவை. அந்தப் பெருமையே போதும். இல்லாததைச் சேர்த்துச் சொன்னால் இருப்பதையும் யாரும் நம்ப மாட்டார்கள். பேரப் பிள்ளைகளுக்குச் சரியாகச் சொல்லிக் கொடுப்போம்.