திறந்தவெளி மனநல ஆலோசனை: வரலாறும் நெறிமுறைகளும்

திறந்தவெளி மனநல ஆலோசனை என்பது, ஆலோசகர் தம்மை நாடி வருபவரை மூடிய அறையில் அல்லாமல் மரத்தடி, தோட்டம், கடற்கரை போன்ற இடங்களில் சந்தித்துப் பேசும் முறையாகும். மேலைநாடுகளில் இயற்கை தரும் அமைதிக்காக இம்முறை விரும்பி மேற்கொள்ளப்படுகிறது. தமிழகக் கடற்கரையிலோ 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் வேறு வழியின்றியே இது நடந்தது.

முன்னோடி முயற்சிகள்

1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளர் மருத்துவர் வித்யாசாகர், நோயாளிகளின் குடும்பத்தினரை மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரங்களில் தங்கவைத்துச் சிகிச்சையில் பங்கேற்கச் செய்தார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி 1957இல் தொடங்கிய மனநல மையமும் குடும்பத்தினரை உடன் தங்கவைக்கும் முறையைப் பின்பற்றியது. ஒடிசா பெரும்புயல் (1999), குஜராத் நிலநடுக்கம் (2001) ஆகியவற்றுக்குப் பின், பாதிக்கப்பட்டோர் வாழும் இடத்துக்கே சென்று உதவும் உள்ளூர்ப் பணியாளர்களுக்குப் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் பயிற்சி அளித்தது.

கடலூர்க் கடற்கரை

கடலூர்–சிதம்பரம் சாலையில் உள்ள குடிகாடு முதலிய ஊர்களுக்குக் கிழக்கே மீனவக் குப்பங்கள் வரிசையாக அமைந்துள்ளன. 2004 டிசம்பர் 26, ஞாயிறு காலை வந்த ஆழிப்பேரலையில் கடலூர் மாவட்டத்தில் 600க்கும் மேற்பட்டோர் இறந்தனர். தேவனாம்பட்டினம், சாமியார்பேட்டை, கிள்ளை அருகிலுள்ள எம்.ஜி.ஆர். திட்டு ஆகியவை கடும் பாதிப்புக்கு உள்ளாயின.

தமிழகக் கடலோரத்தில் ஆசிரியர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், தன்னார்வலர்கள் எனப் பலருக்கும் குறுகிய காலப் பயிற்சி தரப்பட்டது. நெருக்கமாக அமைந்த தற்காலிகக் குடியிருப்புகளில் தனியாகப் பேச அறை கிடைப்பது அரிது. ஒருவர் அழுதால் அக்கம்பக்கத்தார் கூடிவிடுவர். அந்த ஆதரவு நல்லதுதான். ஆனால் ஊரார் முன் சொல்ல முடியாத துயரம் உள்ளேயே தங்கிவிடும். மற்றொரு சிக்கலும் இருந்தது. பிறருக்கு அமைதி தரும் கடற்கரை, பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு இழப்பு நேர்ந்த இடம். அலையோசையே அவருக்கு அச்சம் தரக்கூடும்.

நெறிமுறைகளின் வளர்ச்சி

பேரிடர்க் கால மனநல உதவிக்கான பன்னாட்டு வழிகாட்டுதல் 2007இல் வெளியானது. பாதிக்கப்பட்டவரை ஒரே அமர்வில் நடந்ததை எல்லாம் சொல்லவைத்துவிட்டு அகன்றுவிடும் முறையை அது ஏற்கவில்லை. உலக சுகாதார நிறுவனமும் பிற அமைப்புகளும் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு, 'பார், கேள், இணை' என்ற மூன்று படிகளை வகுத்தது. இந்தியாவின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, மனநோய் உள்ளவரின் தகவல் காக்கப்படுவதை அவரது உரிமையாக்கியது.

ஆலோசகர் கடைப்பிடிக்க வேண்டியவை

அறையின் சுவரும் கதவும் செய்யும் காவலை, வெளியில் ஆலோசகரே செய்ய வேண்டியுள்ளது.

1. இடத்தை ஆலோசனை பெறுபவரே தேர்ந்தெடுக்க வேண்டும். எந்த நேரத்திலும் அதை மாற்ற அவருக்கு உரிமை உண்டு.

2. யாரேனும் பார்க்கலாம், பேச்சு காதில் விழலாம் என்பதை முன்பே சொல்லி இசைவு பெற வேண்டும். தெரிந்தவர் எதிர்ப்பட்டால் என்ன சொல்வது என்பதையும் முதலிலேயே பேசி வைப்பது நல்லது.

3. வெயில், மழை, தரையின் தன்மை, அவரது உடல்நலம் ஆகியவற்றைக் கணித்து, மாற்று இடமொன்றை ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும்.

4. உடன் நடப்பது நட்புரையாடலாக மாறிவிடாமல், தொடங்கும் நேரமும் முடியும் நேரமும் வரையறுக்கப்பட வேண்டும்.

5. தம் தகுதிக்கு மேற்பட்ட சிக்கலாயின் மனநல மருத்துவரிடம் அனுப்பிவைக்க வேண்டும்.

இவற்றுள் முதலாவதே அடிப்படையானது. கடலைப் பார்த்து அமர்வதா, அதற்கு முதுகு காட்டி அமர்வதா என்பதை முடிவு செய்ய வேண்டியவர் துயருற்றவரே.