பத்தைத் தாண்டினால் பாவமா?

1976 டிசம்பரில் தாமஸ் மெக்கேப் மென்பொருள் பொறியியல் இதழொன்றில் ஒரு கட்டுரை எழுதினார். ஒரு ஃபங்ஷன் அளவுக்கு மீறிப் போய்விட்டதா என்று பார்க்க அன்று வரிகளைத்தான் எண்ணினார்கள். 50 வரி அல்லது இரண்டு பக்கத்துக்குள் இருந்தால் பிழைத்தது. மெக்கேப் அதற்குக் காட்டிய மறுப்பு எளிமையானது. அடுத்தடுத்து 25 'இஃப்' நிபந்தனைகள் கொண்ட நிரல் அந்த 50 வரிக்குள் அடங்கிவிடும். ஆனால் ஒவ்வொன்றிலும் வழி இரண்டாகப் பிரிவதால் மொத்தப் பாதைகள் 3 கோடியே 35 லட்சத்தைத் தாண்டும். அத்தனையையும் யார் சோதித்துப் பார்ப்பது? ஆகவே நிரலின் சிக்கலை அளக்க, கணிதத்தின் வரைபடக் கோட்பாட்டிலிருந்து ஓர் எண்ணை எடுத்தார். நடைமுறையில், நிபந்தனைகளை எண்ணி ஒன்றைக் கூட்டினால் போதும். அந்த நிரலுக்கு அது 26. சோதிக்க வேண்டிய அடிப்படைப் பாதைகள் அத்தனை.

எல்லையாக அவர் வைத்தது 10. அது நியாயமான அளவுதானே தவிர மந்திர எண் அல்ல என்று அவரே எழுதினார். ஒரு தேர்விலிருந்து ஏராளமான தனித்தனிக் கிளைகள் பிரியும் நிரலுக்கு விலக்கும் அளித்தார். நிரலை அளக்கப் பின்னால் வந்த பல கருவிகளுக்கு இந்தத் தயக்கமெல்லாம் கிடையாது. பத்தைத் தாண்டினால் சிவப்பு விளக்கு. விளைவு என்ன? 15 நிபந்தனைகள் உள்ள ஃபங்ஷனின் மதிப்பு 16. அதை எட்டும் ஏழுமாக இரண்டாக வெட்டினால் 9, 8 என்று இரண்டும் தேறிவிடும், ஆனால் கூட்டுத்தொகை 17. வெட்டிய இடத்தில் ஒரு தனி வேலை முடிகிறது என்றால் படிப்பவருக்கு லாபம். இல்லையென்றால் சிக்கல் இடம் மாறியதே மிச்சம். உண்மையான குறைப்பு, தேவையற்ற நிபந்தனையை நீக்குவதுதான்.

இந்த எண் வரிகளை எண்ணுவதைவிட மேலானதே இல்லை என்று 1988-ல் மார்ட்டின் ஷெப்பர்ட் வாதிட்டார். அதை எளிதில் தள்ளிவிட முடியாது. நிரல் நீண்டால் நிபந்தனைகளும் பெருகும், இரண்டு அளவுகளும் பெரும்பாலும் சேர்ந்தே ஏறும். ஆனால் நாம் திருத்துவது சராசரியை அல்ல, கையில் இருக்கும் ஃபங்ஷனை. நிபந்தனையே இல்லாத 50 வரிக்கு மதிப்பு 1, மெக்கேப்பின் 50 வரிக்கு 26. வரிக்கணக்குக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

எல்லையைத் தளர்த்தினால் ஒழுங்கு போய்விடும் என்பது மற்றொரு அச்சம். அதற்கான வழி, மெக்கேப்பும் ஆர்தர் வாட்சனும் எழுதி 1996-ல் அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் வெளியிட்ட வழிகாட்டியிலேயே இருக்கிறது: பத்துக்குள் வை, அல்லது ஏன் தாண்டியது என்று எழுதிக் கொடு. கருவிகள் முதல் பாதியை எடுத்துக்கொண்டு இரண்டாம் பாதியைக் கைவிட்டதுதான் தவறு.